கலை எதுக்குங்க? கூத்துக்களத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் சுற்றுவட்டார ஊர்களில் வீதி நாடகம் போடுவதும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூத்து அடவு சொல்லித் தருவதும் என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும், தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நாலு பேர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். டீக்கடையிலும் தலைமையாசிரியர் அறையிலும் காவல் நிலையத்து பெஞ்சிலும் கேட்டவை உட்பட, திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. சோத்துக்கே கஷ்டப்படுறவனுக்குக் கலை எதுக்குங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யாரும் சோற்றுக்குக் கஷ்டப்படுகிறவர்களாக இருந்ததில்லை. கஷ்டப்பட்டவர்கள்தான் நடவு நடும்போது பாடினார்கள், ஏற்றம் இறைக்கும்போது பாடினார்கள், தூளியை ஆட்டிக்கொண்டு தாலாட்டினார்கள். இடுப்பு ஒடிய நாற்று நடுகிற பெண்களுக்குப் பாட்டு ஓர் அலங்காரம் இல்லை. கை ஒன்றாகப் போவதற்கும், பொழுது நகர்வதற்கும், மேட்டில் குடையோடு நிற்பவரைப் பற்றி ஜாடையாக ஒரு வார்த்தை சொல்வதற்கும் அது வேண்டியிருந்தது.

ஒப்பாரியைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? என் பெரியம்மா இறந்த வீட்டில் ஒரு பாட்டி மாரடித்துக்கொண்டு பாடினார். முதல் நாலு அடி செத்தவரின் அருமை பெருமை. ஐந்தாவது அடியில், சீதனமாகத் தருவதாகச் சொன்ன கால் காணியைக் கடைசிவரை எழுதித் தராத அண்ணன் வந்துவிட்டார். அந்த அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றார். நாற்பது வருஷமாகப் பெரியம்மா வாய்விட்டுக் கேட்க முடியாததை, ஊர் கூடியிருக்கும்போது இன்னொருத்தி அவர் முகத்துக்கு நேராகப் பாடினாள். அவரால் குறுக்கே பேச முடியவில்லை. ஒப்பாரியில் குறுக்கே பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேச உரிமை இல்லாதவர்களுக்குப் பாட உரிமை இருந்திருக்கிறது. இதற்குப் பிறகு வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

2. வாசல்ல போடுற கோலத்தைப் போய்க் கலைன்னு சொல்றீங்களே?

விடியற்காலையில் ஒரு வாசலில் நின்று பாருங்கள். மாவு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூல் மாதிரி இறங்கும். பதின்மூன்று புள்ளி வைத்த சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிய வேண்டும், ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது. அழித்து அழித்துப் போடுவதும் கிடையாது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, கணினி அறிவியலில் படங்களுக்கான இலக்கண விதிகளை உருவாக்கினார்கள். அந்த விதி நம் அக்காக்களின் விரலில் ஏற்கெனவே இருந்தது.

காட்சிக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினால் கலை, வாசலில் இருந்தால் வேலை என்று பிரித்துவைத்தது யார்? பெரும்பாலும் பெண்கள் கையால் செய்வது, காசுக்கு விற்காதது, கையெழுத்துப் போடாதது எல்லாம் 'வேலை'ப் பக்கம் போய்விடுகிறது. எனக்கு இந்தப் பிரிவினையில் துளியும் சம்மதமில்லை.

3. தெருக்கூத்துக்கும் நாடகத்துக்கும் என்ன வித்தியாசம்?

நாடகத்துக்கு மேடை உண்டு, திரை விலகும். கூத்துக்குத் தரைதான் களம். ஜமாவை, அதாவது கூத்துக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள், அதன் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டே வருவார். ஆர்மோனியம், மத்தளம், டோலக், முகவீணை, தாளம், பின்பாட்டு. மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு ஆடுவதால் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். இரவு பத்து மணிபோல் தொடங்கினால் விடிந்துதான் முடியும்.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவோடு சேர்ந்தது இது. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவில் அதே கதை கூத்தாக வரும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தில் ஏறுவார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள், சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை இந்தக் கலைக்குப் பேர் பெற்ற ஊர். தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பத்தார் அங்கே ஆடி வருகிறார்கள்.

4. அது சாமி காரியமாச்சே. அதுக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கட்டியங்காரனைப் பாருங்கள், புரியும். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவன் அவன்தான், ராஜாவைக் கேலி செய்பவனும் அவன்தான். ராஜா செந்தமிழில் பாடுவார். கட்டியங்காரன் நம் தெருத் தமிழில் பேசுவான். கதை அஸ்தினாபுரத்தில் நடக்கும், அவன் மட்டும் நம் ஊரில் இருப்பான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். துரியோதனன் கொலுவுக்கு வந்து, "மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று வழக்கம்போலக் கேட்டார். கட்டியங்காரன் கும்பிட்டுவிட்டு, "மழை பேயுதுங்க மகாராஜா. டேங்க் மோட்டாருதான் எரிஞ்சு நாப்பது நாளாச்சு" என்றார். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி, களம் முழுக்கப் பரவி, தலைவரும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனார்கள். கூத்தால்தான் மோட்டார் சரியானது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாற்பது நாளாகத் தனித்தனியாகக் குடத்தோடு புலம்பியவர்கள், நமக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இதே கோபம் என்று அந்தச் சிரிப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

5. ஓட்டுப் போடுறோம், அது போதாதா? ஜனநாயகத்துக்குப் பாட்டும் ஆட்டமும் வேணுமா?

நம் முதல் பொதுத் தேர்தலே படத்தை நம்பித்தான் நடந்தது. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். பேரைப் படிக்கத் தெரியாதவர் எப்படி வாக்களிப்பது? சின்னம் வரைந்து பெட்டியில் ஒட்டினார்கள். தேர்தல் ஆணையத்தில் படம் வரைபவராக இருந்த எம்.எஸ்.சேத்தி என்பவர் பிற்பாடு பல சின்னங்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். அந்தப் படங்கள் இன்றைக்கும் நம் ஊர்ச் சுவர்களில் இருக்கின்றன.

ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள். மிச்ச நாட்களில் ஒருவர் பேச மற்றவர் கேட்க, கேட்டவர் மறுத்துப் பேச ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை உண்டு. பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக் கலைத்துவிடுகிறார்கள். நாங்கள் முதல் நாள் சாயங்காலம் இருபது நிமிஷ நாடகம் போடுவோம். தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்து வாங்குகிற காட்சி ஒன்று அதில் வரும். மறுநாள் ஒரு அம்மா எழுந்து, "நேத்து அந்தப் புள்ள கேட்ட மாதிரி படிச்சிட்டு வாங்குங்க" என்று சொன்னார். சட்டத்தை விளக்கி நோட்டீஸ் கொடுத்திருந்தால் அவர் எழுந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் முந்தின நாள் பார்த்திருந்தார்.

கோலமும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று சிலர் கோலம் போட்டார்கள். காவல் துறையினர் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டார்கள். அடுத்த நாளே எத்தனையோ வாசல்களில் அதே வாசகம் கோலமாக வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். கோலமாவுக்குக் கருத்துச் சொல்லும் வலு உண்டு என்று அந்த இரண்டு நாளில் எல்லோரும் பார்த்தோம்.

6. நாடகம் போட்டா எதாவது மாறிடுமா சார்?

மறுநாளே மாறாது. மாறும் என்று சொல்லி யாரிடமும் நிதி கேட்காதீர்கள்.

ஆனால் விசுவநாததாஸை நினைத்துப் பாருங்கள். முருகன் வேஷத்துக்குப் பேர் போன நடிகர். வள்ளி கதை ஊருக்கே மனப்பாடம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று பாட்டு வரும், கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வாசலில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர் அதையும் தாங்கிக்கொண்டுதான் பாடினார். 1940இன் கடைசி நாளில் சென்னையில் மேடையிலேயே, முருகன் வேஷத்திலேயே உயிர் பிரிந்தது. சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை. அதன் பிறகு வந்தவர்களில் அண்ணா நாடகம் எழுதினார், தானே நடித்தார், 1967இல் முதலமைச்சரானார். கொட்டகையில் பேசிய பேச்சு கோட்டைக்குப் போக இந்த மாநிலத்தில் ஒரு வழி இருந்திருக்கிறது. எந்த நாடகம் எத்தனை பேரை மாற்றியது என்று எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது, எண்ண முடியாத காரணத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

7. எல்லாம் போன்லயே வருது. இன்னும் எதுக்கு நேர்ல வந்து உட்காரணும்?

போனில் நீங்கள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. 4ஆம் பதிலில் சொன்ன அந்தச் சிரிப்பு போனில் நடந்திருக்காது. அவ்வளவுதான். நானும் போனில் கூத்து பார்க்கிறேன், வெளியூர் ஜமாக்களின் அடவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அது பெரிய வரம்.

8. பறை சாவு மேளம்தானே? அதைப் போய்ப் பிள்ளைங்களுக்கு ஏன் கத்துத் தர்றீங்க?

இந்தக் கேள்வி என்னிடம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆதிக்க சாதிப் பெற்றோர், "எங்க பிள்ளை பறை அடிப்பானா?" என்று கோபமாகக் கேட்கிறார்கள். தலித் பெற்றோர் சிலர், "இதை விட்டு வெளியே வரத்தானே பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று வேதனையோடு கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு என் பதில் எளிது: ஆமாம், அடிப்பான், நன்றாகவே அடிப்பான். இரண்டாவது கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிந்துதான் நிற்க முடியும். கூலி இல்லாமல், மறுக்க முடியாமல், சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை அது. "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். அப்படிக் கீழே வைத்தது உரிமைப் போராட்டம். பிற்பாடு அதே பறையைத் தங்கள் விருப்பப்படி மேடையில் எடுத்ததும் உரிமைப் போராட்டம். 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களும், திண்டுக்கல்லில் தலித் பெண்கள் பறை எடுத்த சக்தி கலைக்குழுவும் இந்தத் திருப்பத்துக்குக் காரணம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வகுப்பில் நான் முதலில் தாளம் சொல்லித் தருவதில்லை. காய்ந்த சருகைக் கொளுத்தி, பறையைத் தீயருகே பிடித்துத் தோல் விறைக்கும் வரை காத்திருக்கச் சொல்வேன். விரலால் சுண்டினால் 'டங்' என்று வரும். அதன் பிறகு தோளில் மாட்டி, ஒரு கையில் நீளமான சிம்புக் குச்சி, மறு கையில் குட்டையான அடிக் குச்சி. தீ எரிகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மேலே சொன்ன வரலாற்றைச் சொல்வேன். சொல்லாமல் தாளம் மட்டும் கற்றுக்கொடுத்தால் அது திருட்டு.

9. கூத்துல ஊரே ஒண்ணா உட்காருதுன்னு சொல்றீங்க. எங்க தெரு ஜனங்களைக் கோயிலுக்குள்ளயே விடலையே?

நீங்கள் சொல்வது உண்மை. நான் 4ஆம் பதிலில் சொன்னதில் பாதியை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருப்பதும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023இல் திருவிழாவின்போது உள்ளே போன பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை முறிந்து ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அவர்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துகிலுரியும் காட்சியில் சபை நடுவே நின்று நியாயம் கேட்கும் பாஞ்சாலிக்காகக் கண்ணீர் விடுகிற கூட்டம், அவள் கோயில் வாசலில் நியாயம் கேட்பவர்களை அடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டும் கலை தானாகவே மனிதரை நல்லவராக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நாங்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். எல்லாத் தெருவும் வந்து உட்காரக்கூடிய இடத்தில்தான் களம் போடுவோம், வெற்றிலை பாக்கு வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுவோம். இதனால் இரண்டு ஊரில் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஊரில் ஏரிக்கரைக்குக் களத்தை மாற்றினார்கள், அங்கே இதுவரை சேர்ந்து உட்காராதவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

10. பொம்பளைங்க வேஷம் கட்டலாமா?

கட்டலாம், கட்டுகிறார்கள். பாஞ்சாலி வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை இது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றார்கள். அங்கே படித்த பெண்கள் துரியோதனனாகவும் துச்சாதனனாகவும் கட்டை கட்டிச் சுழன்று ஆடுவதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை. விடிய விடிய ஆடிவிட்டுப் பெண்கள் எங்கே உடை மாற்றுவது, எந்த வண்டியில் வீடு திரும்புவது என்று எந்த ஊரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

11. தெருவுல நாடகம் போட போலீஸ் அனுமதி வாங்கணுமா? ஸ்கிரிப்டைக் காட்டணுமா?

இரண்டும் வேறு வேறு. கதைப் பிரதியைக் காட்டும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டல் செய்து நாடகம் போட்டதையொட்டி 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1954இல் இங்கே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2018இல் ஒன்றிய அரசு நீக்கிவிட்டது. ஆகவே வசனத்தைக் கொடு, படித்துப் பார்த்துத்தான் அனுமதிப்பேன் என்று யாராவது சொன்னால், ஞாநி வழக்கின் தீர்ப்பைப் பணிவாக நீட்டுங்கள். நான் எப்போதும் ஒரு நகல் பையில் வைத்திருக்கிறேன்.

இடத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். மனுவை முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களில், வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள். பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்குகிறவர்களால் தூக்கம் கெட்டவர்களுக்காக வந்த நியாயமான விதி அது. இருநூறு பேர் கேட்க ஒரே ஒரு மைக் வைக்கிற கூத்தும் அதே விதியில் மாட்டிக்கொள்கிறது. கூத்துக்கென்று தனி விலக்கு வேண்டும் என்பது என் ஆசை.

12. யாரோ ஒருத்தர் மனசு புண்பட்டுச்சுன்னா நிறுத்திடணுமா?

கேட்டுக்கொள்ள வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். மிரட்டினால் நிறுத்த வேண்டியதில்லை. இது என் வீறாப்பு இல்லை, உச்ச நீதிமன்றம் சொன்னது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழை, கலவரம் வரும் என்ற காரணத்தோடு ரத்து செய்தார்கள். ரங்கராஜன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் செய்வேன் என்பவரை அடக்குவதுதான் அரசின் கடமை, அவருக்குப் பயந்து பேசுபவரின் வாயை மூடுவது மிரட்டலுக்குச் சரணடைவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இட ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து கிடையாது. இருந்தும் இந்தத் தீர்ப்பை நான் கொண்டாடுகிறேன். எனக்குப் பிடிக்காத படத்தைக் காப்பாற்றிய அதே வரிதான் நாளைக்கு என் நாடகத்தைக் காப்பாற்றும்.

பெருமாள்முருகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்தபோது அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமாதானப் பேச்சில் அவர் பணிய வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. தில்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர் குடியிருப்பில் வீதி நாடகம் போட்ட சப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்துபோனார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தார்.

13. அப்போ கலைங்கற பேர்ல எதை வேணா சொல்லலாமா? பொய்யைக்கூட அழகா சொல்லிடலாமே?

சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். அரசியல் சட்டம் 19(1)(அ) பிரிவில் பேச்சுரிமை தருகிறது, 19(2)இல் பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று சில வரம்புகளையும் வைத்திருக்கிறது. ஒரு சாதியின் பெண்ணைக் கேலிப் பொருளாக்குகிற வசனம் கூத்திலேயே எத்தனையோ உண்டு. கட்டியங்காரன் பெரியவரை விட்டுவிட்டு மெலிந்தவர்களைக் கேலி செய்யத் தொடங்கினால் அவன் வேலையை மறந்துவிட்டான் என்று அர்த்தம். இந்த மாதிரி வசனங்களை எங்கள் ஜமாவில் உட்கார்ந்து பேசி நீக்கிக்கொண்டிருக்கிறோம்.

எது நல்ல கலை என்று அரசாங்கம் தீர்மானிக்கட்டும் என்பவர்களுக்கு 1937ஆம் வருஷத்து மியூனிக்கை நினைவுபடுத்துவேன். நாஜிகள் ஜூலை மாதம் 'மேலான ஜெர்மன் கலை' என்று ஒரு கண்காட்சி திறந்தார்கள். மறுநாள், தங்களுக்குப் பிடிக்காத ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று பெயர் சூட்டிக் கேவலப்படுத்த இன்னொன்று திறந்தார்கள். பொய்ப் பிரச்சாரத்துக்கு மருந்து, பதில் சொல்ல இன்னும் நாலு பேருக்குக் களம் கொடுப்பதுதான்.

14. அரசாங்கக் காசு வாங்கிட்டு அரசாங்கத்தையே கிண்டல் பண்ணலாமா?

அது உங்கள் காசு. தீப்பெட்டி வாங்குகிறவர் கட்டிய வரி. கலை பண்பாட்டுத் துறை விழா நடத்துவதும், 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்ததும் கருணை இல்லை, கடமை. எங்களுக்கு ஒருமுறை விழிப்புணர்வு நாடகம் போடப் பணம் தந்த ஒரு அலுவலகம், குப்பைத் தொட்டியே வைக்காத தெருவில் நின்று "குப்பையைத் தொட்டியில் போடுங்கள்" என்று பாடச் சொன்னது. தொட்டி எங்கே என்று கட்டியங்காரன் கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தோம். அடுத்த முறை கூப்பிடவில்லை. அந்த வரியைச் சேர்த்ததற்காக நாங்கள் வருத்தப்படவில்லை.

15. கூத்தாடிக்கு எவ்வளவு கொடுக்கணும்?

முதலில், 'கூத்தாடி' என்று இளக்காரமாகச் சொல்வதை நிறுத்துங்கள். கூலிக்காரன் மேற்கே பார்ப்பான், கூத்தாடி கிழக்கே பார்ப்பான் என்று பழமொழி உண்டு. கூலிக்காரர் பொழுது சாயக் காத்திருப்பார், கூத்தாடுபவர் பொழுது விடியக் காத்திருப்பார். இரண்டு பேரும் உழைக்கிறவர்கள் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு ஜமாவில் பதினைந்து பேர்வரை இருப்பார்கள். வண்டி வாடகை, கட்டைக்குப் புதுக் காக்காப்பொன், சாப்பாடு எல்லாம் போக ஆளுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பேசுங்கள். பத்து மணி நேரம் ஆடுகிறவருக்கு உங்கள் ஊரில் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியைவிடக் குறைவாகக் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. "புண்ணியமாப் போகும்" என்று சொல்லிக் குறைக்காதீர்கள். ஒலி, ஒளி அமைப்பவரிடம் யாரும் புண்ணியம் பேசுவதில்லை.

16. எங்க ஊர்ல கூத்து நின்னுபோய் ரொம்ப வருஷமாச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ஆடியவர் யாராவது இன்னும் இருப்பார். விசாரித்துப் போங்கள். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும், அதற்குள் பழைய துணியில் சுற்றிய கிரீடம் இருக்கும். அவரை முழு இரவு ஆடச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கட்டியங்காரன் காட்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். இரவு பத்துக்கு முன் முடிகிற மாதிரி, 11ஆம் பதிலில் சொன்ன மனுவைக் கொடுத்துவிட்டு, கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலம் வையுங்கள். இடம், 9ஆம் பதிலில் சொன்ன மாதிரி, எல்லோரும் வரக்கூடிய இடம்.

நாற்காலி போடாதீர்கள், தலைவருக்கும் வேண்டாம். பாய் போதும். முடிந்ததும் வேஷக்காரர்களைப் பசியோடு அனுப்பிவிடாதீர்கள். இட்லியும் சூடாக ஒரு டம்ளர் டீயும் தயாராக இருக்கட்டும், அரிதாரம் துடைக்கத் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். அப்போது பக்கத்தில் வந்து நிற்பவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.